கிழங்குக்குக் கட்டிய வீடு

வளைகுடாவுக்குப் போன நம் ஆட்களில், அந்த மண்ணில் தன் கையால் தனக்கென்று ஒரு வீடு கட்டியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லோரும் அடுத்தவருக்கு மாடி மாடியாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். அவர் கட்டியது ஆள் குனிந்து நுழைகிற அளவு வீடு. அதில் குடிவைத்தது உருளைக்கிழங்கை.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. நாங்கள் அதைத் தொந்தரவு செய்யவில்லை. எங்களுக்கு அவர் கிழங்கண்ணன். கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துக்காரர். கம்பெனியில் ஷவல் ஓட்டினார். மண்ணை வாரிக் கொட்டும் பெரிய வண்டிக்கு அங்கே அந்தப் பெயர்.

மனிதர்களைக்கூடக் கிழங்காகத்தான் பார்ப்பார். ஃபோர்மேன் போன பிறகு மெதுவாகச் சொல்வார்: "மேல பளபளன்னு இருக்கான் தம்பி. உள்ள கருப்பு. அறுத்தாத்தான் தெரியும்." எகிப்துக் கிழங்கு சாது, லெபனான் கிழங்குக்குக் கோபம் அதிகம் என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், மோந்து பார்த்துவிட்டு நம் மூக்கருகே நீட்டுவார். எங்களுக்கு மண் வாசனைதான் வரும். அவருக்குக் குணமே தெரியும்.

பிள்ளைகளே, கேம்ப் என்றதும் உங்கள் பள்ளிக்கூட கேம்ப் போல நினைத்துவிடாதீர்கள். ஷார்ஜா தொழில்பேட்டையில் வரிசையாகத் தகர அறைகள். ஓர் அறையில் எட்டுப் பேர், ஒரே ஒரு ஃபிரிட்ஜ். மார்க்கெட்டுக்கு வண்டி வெள்ளிக்கிழமை மட்டும். கோடையில் அன்று வாங்கிய கிழங்கும் வெங்காயமும் செவ்வாய்க்குள் அழுகிவிடும். அதன் பிறகு அடுத்த வெள்ளிவரை வெறும் சோறு, ஊறுகாய். நாங்கள் கட்டிய கட்டிடத்தில் கார் நிற்கிற இடத்துக்குக்கூட ஏசி போட்டிருந்தார்கள். எங்கள் கிழங்குக்கு நிழல் இல்லை.

ஒரு செவ்வாயன்று அழுகிய மூட்டையைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்த அண்ணன், "வியாழக்கிழமையும் உங்களக் கெழங்கு பொரியல் திங்க வைக்கல, நான் மலைக்காரனே இல்ல" என்றார்.

சமையலறைக்குப் பின்னால் மதில்சுவர் வரை நிலம் சரிந்து இறங்கும். பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டிய மண்ணை அங்கே கொட்டிக் கொட்டி, இறுகிப்போன சரிவு. அதைக் குடைந்து கிழங்கறை கட்டப்போவதாகச் சொன்னார். கேம்ப் வளாகத்தில் அனுமதி இல்லாமல் ஓர் ஆணி அடிக்கக்கூடாது என்பது சட்டம். டால்டா டின்னில் மிளகாய்ச் செடி வைத்த ஒருவனை, கேம்பை நிர்வகிக்கிற கேம்ப் பாஸ் ஊருக்கே அனுப்பியிருந்தார். அவரும் நம் தமிழ்நாட்டுக்காரர்தான். அதனால் தமிழிலேயே திட்டுவார். ஒரு வார்த்தை வீணாகாது.

"அண்ணே, மாட்டுனா விசா போயிடும்ணே" என்றான் காசி. என் கட்டிலுக்கு மேல்கட்டில்காரன், விருதுநகர்ப் பையன்.

"அந்தாளு பின்பக்கம் வரமாட்டாருடா. செப்டிக் டேங்க் நாத்தம் நமக்குக் காவல் நிக்குது" என்றார் அண்ணன்.

சைட்டில் தூக்கிப் போட்ட பலகை, கம்பி, பிளாஸ்டிக் தாள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. டூட்டி முடிந்து வந்து மண்வெட்டியோடு இறங்குவார். லாரி ஓட்டும் பாகிஸ்தான் பட்டாணி ஒருவர் எட்டிப் பார்த்து, "கிஸ்கா கபர் ஹை பாய்?" என்றார். யாருக்குச் சவக்குழி என்று கேட்கிறார். அண்ணன் நிமிராமலே, "ஆலூ கா", உருளைக்கிழங்குக்கு, என்றார். பட்டாணி கையேந்தி, கிழங்குக்கும் சேர்த்துத் துஆ செய்து வேண்டிக்கொண்டு போனார்.

கிழங்கறை முடிந்தது. மூட்டையை இறக்கிக் கதவைச் சாத்தினோம். வியாழனன்று எட்டுப் பேரும் தட்டோடு போய் நின்றோம். கதவைத் திறந்ததும் அவித்த கிழங்கின் வாசனை குப்பென்று வந்தது.

"அண்ணே, உப்பு மட்டும் போட்டாப் போதும்ணே. கேஸ் மிச்சம்" என்றான் காசி.

அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மேற்கே பார்த்த கதவு. சாயங்கால வெயில் முழுசும் நேரே உள்ளே விழுந்தது.

"ஏண்ணே மேக்க வச்சீங்க?"

"எங்க ஊர்ல பனி அடிக்கும்டா. கெழங்கு வெறைச்சுப் போயிரும். அதனால வெயிலப் பாத்துத்தான் கதவு வைப்போம்."

"இது எந்த ஊருண்ணே?"

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆமால்ல" என்றார்.

மறுபடி தோண்டினார். இந்த முறை மதில் நிழல் விழுகிற வடக்குப் பக்கம், இன்னும் ஆழமாக. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கதவு, நடுவில் ஈரச்சாக்கு, காற்றுக்கு ஒரு பைப். உள்ளே குளுகுளு என்று இருந்தது என்று சொன்னால் பொய். வெளியே அடுப்பு, உள்ளே அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்த பானை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் கிழங்கு பிழைத்தது. அடுத்த வியாழன் பொரியல் சாப்பிட்டோம். அண்ணன் சாப்பிடவில்லை. நாங்கள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நடுப்பகலில், கேம்புக்கே கரண்ட் கொடுத்த ஜெனரேட்டர் நின்றது. தகர அறைகள் சிறிது நேரத்திலேயே கொதிக்க ஆரம்பித்தன. காசிக்கு முதல்நாளே சைட்டில் வெயில் தாக்கியிருந்தது. வியர்வை நின்று, உடம்பு காய்ந்து, சம்பந்தமில்லாமல் பேசினான். கேம்ப் பாஸுக்குப் போன் போட்டோம்.

"வெள்ளிக்கிழமை மெக்கானிக் எவன் வருவான்? வண்டியும் மார்க்கெட் போயிருக்கு. தண்ணியக் குடிக்கச் சொல்லு. சாயங்காலம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். அவர் வீட்டு ஏசியின் சத்தம் போனில் எங்களுக்குக் கேட்டது.

அண்ணன் எழுந்தார். பின்பக்கம் போய், தன் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வெயிலில் எறிந்தார். கிழங்கு சரிவில் உருண்டு மதிலோரம் போய் நின்றது. "தூக்கிட்டு வாங்கடா அவன" என்றார்.

கிழங்கு இருந்த இடத்தில் காசியைப் படுக்க வைத்தோம். ஈரச்சாக்கைப் போர்த்தினார். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார். காசி கண்ணைத் திறந்து, "அண்ணே, என்னையும் மோந்து பாத்தீங்களா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

"பாத்தேன். அழுகல. கெட" என்றார் அண்ணன்.

சாயங்காலம் வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் காசி பிழைத்தான். ஆனால் அவன் எங்கே கிடந்து பிழைத்தான் என்ற கதை, அதே வண்டியில் ஆபீசுக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் கேம்ப் பாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

"எவன்டா தோண்டினது? மண்ணு சரிஞ்சு உள்ள ஆள் செத்திருந்தா யாரு பதில் சொல்றது?"

"மேல செத்திருந்தா யாரு சார் பதில் சொல்லியிருப்பா?" என்று கேட்டார் அண்ணன்.

அதற்கு அவர் உத்தரவு போட்டார். "இன்னைக்கே மூடணும். நீதானே ஷவல் ஓட்டுற? நீயே மூடு."

"வெயில் காலம் முடியட்டும் சார். அதுக்கப்புறம் நானே மூடுறேன். ஜெனரேட்டர் மறுபடி நின்னா..."

"கலாஸ், முடிஞ்சுது. பேசாதே."

வண்டியைக் கொண்டுவந்து அண்ணனே மூடினார். கோபத்தில் தாறுமாறாகத் தள்ளியிருக்கலாம். பழக்கம் விடவில்லை. மட்டம் பார்த்து, மழமழவென்று நிரவிவிட்டார். "நல்லா லெவல் பண்ணிருக்க" என்றார் கேம்ப் பாஸ். அந்த மட்டமான இடத்தில் பிறகு ஒரு கன்டெய்னரைக் கொண்டுவந்து வைத்தார்கள். கேம்ப் பாஸுக்கு ஆபீஸ். ஏசி இருந்தது, அதற்கென்று தனி ஜெனரேட்டரும் வந்தது. எங்களுடையது அந்தக் கோடையில் மறுபடியும் நின்றது. அது எப்படி நின்றது என்று ஒருவரும் விசாரணை வைக்கவில்லை. குழி எப்படி வந்தது என்றுதான் வைத்தார்கள். அண்ணன் விசாவை ரத்து செய்தார்கள்.

புறப்படும் நாளில் காசி அவருக்கு ஒரு கம்பளி வாங்கிக் கொடுத்தான். அண்ணன் அதைப் பெட்டியின் அடியில் விரித்து, அதன்மேல் கிழங்கை அடுக்கினார். வெயிலில் எறிந்ததில் அழுகாமல் தேறிய கொஞ்சம்.

"மலைக்குப் போயி யாராச்சும் கெழங்கு கொண்டுபோவாங்களாண்ணே?" என்றேன்.

"இது அந்த வெயில்ல கெடந்து பொழச்சது தம்பி. இதுக்கு ஒரு தடவையாச்சும் குளிரக் காட்டணும்ல" என்றார்.

அவர் போன பிறகு தகவல் இல்லை. நாங்களும் ஆளுக்கொரு கம்பெனியாகச் சிதறிவிட்டோம்.

நம் வீட்டில் உங்கள் அம்மா வாங்கி வரும் கிழங்கை நான் ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, கட்டிலுக்கடியில் மணல் பரப்பி அடுக்குவதைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தேன். ஆனால் விளையாட்டுக்குக்கூட அதை எடுத்து வெயிலில் வைத்துவிடாதீர்கள். அண்ணன் தாங்கமாட்டார்.