ரீபண்ட் அண்ணையும் முத்தையாவின் அப்பெண்டிக்ஸும்

கனடா முழுவதிலும் நோயாளிகளைக் கண்டால் மனதாரச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ரீபண்ட் அண்ணைதான். யாராவது இருமினால் அவர் முகம் மலரும். யாராவது நொண்டிக்கொண்டு லிஃப்டுக்குள் ஏறினால், "டொக்டரிட்டைப் போனனீங்களே? பில் துண்டு வைச்சிருக்கிறியளே?" என்று ஆவலோடு கேட்பார். கால் எப்படி என்று கேட்பது அதற்குப் பிறகுதான்.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எங்கள் ஸ்காபரோ கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. பகலில் வீடு, பின்னேரம் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை. மனைவியும் இரண்டு பெண்களும் யாழ்ப்பாணத்தில். அவருடைய அகதி வழக்கு தொண்ணூறுகளின் பாதிவரை இழுபட்டுக்கொண்டே கிடந்தது. ஆனால் மாசி பிறந்துவிட்டால் பதினோராம் மாடியில் அவருடைய வீட்டுக் கதவடியில் செருப்புகள் குவிந்துவிடும். கட்டடம் முழுவதற்கும் வருமான வரிப் பத்திரம் நிரப்புவது அவர்தான். மருத்துவச் செலவைக் காட்டினால் கட்டின வரியில் ஒரு பங்கு திரும்பி வரும்; அந்த ரீபண்டை எடுத்துக் கொடுப்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர்.

இடுப்பில் சாரத்தோடுதான் இருப்பார். மேலே வெள்ளைச் சேர்ட், கழுத்தில் டை. ஏன் இந்தக் கோலம் என்று ஒருநாள் கேட்டேன்.

"உது ராணியின்ரை அரசாங்கத்துக்கு எழுதிற கடிதமடா தம்பி. மரியாதை வேணும்."

"அப்ப சாரம்?"

"மேசைக்குக் கீழை அரசாங்கம் பார்க்காது."

ஒரு சதக்காசும் வாங்கமாட்டார். "காசு வாங்கினால் நான் எக்கவுண்டன். நான் வாளிக் கொம்பனிக்காரன்" என்பார். பொய்யும் எழுதமாட்டார். மனைவி காலுக்குத் தேய்த்த நல்லெண்ணெயையும் மருந்துச் செலவில் சேர்க்கச் சொல்லி ஒருவர் கெஞ்சினார். "எண்ணெய் பலசரக்கு. எழும்பும்!" என்று ஒரே சொல்லில் ஆளைக் கிளப்பிவிட்டார்.

ஆனால் உள்ள செலவை விடவும் மாட்டார். ஒரு செத்த வீட்டில், அழுதுகொண்டிருந்த மகனின் கையைப் பிடித்து, "அப்பாவின்ரை மருந்துத் துண்டுகளை எறிஞ்சு போடாதேங்கோ" என்று காதுக்குள் சொன்னார். அங்கே இருந்தவர்கள் பார்த்த பார்வைக்கு வேறொருவர் என்றால் எரிந்து சாம்பலாகியிருப்பார். சித்திரையில் அதே மகன் வாழைப்பழச் சீப்போடு வந்து நன்றி சொன்னான். எனக்கும் ஒரு மார்கழியில் இரண்டு கடைவாய்ப் பற்கள் பிடுங்கவேண்டி வந்தது. "மற்ற ரெண்டும் ஆடுதெண்டனீர்? வருஷம் முடிய முன்னம் அதையும் பிடுங்கும். ஒரே வருஷத்திலை போட்டால்தான் பிரயோசனம்" என்று தினமும் கதவைத் தட்டினார். அந்த மனிதரின் தொல்லை தாங்காமல் பிடுங்கினேன். இன்றுவரை முறுக்கு என் வாழ்க்கையில் இல்லை.

இப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பிழை விட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் கட்டடத்துக்கு முன்னால் இருந்த பிளாசாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே சமைக்க மதுரைப் பக்கத்திலிருந்து வேலுச்சாமி என்றொருவர் இரண்டு வருடத் தற்காலிகப் பெர்மிட்டில் வந்திருந்தார். பெர்மிட்டில் வந்தவர் என்பதால் அவருக்கு அரசாங்க ஹெல்த் கார்ட் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சம்பளத்திலும் 'ஹெல்த்' என்று ஒரு தொகையைப் பிடித்து இன்சூரன்ஸ் காப்புறுதிக்குக் கட்டினார்கள். அவருக்கு அது பெரிய மனக்குறை.

"கனடாவுல ஆஸ்பத்திரி இலவசம்னு சொல்லித்தாண்ணே கூட்டியாந்தாங்க. இங்க வந்து பாத்தா எனக்கு மட்டும் டிக்கெட் கிழிக்கிறாங்க" என்று புலம்புவார்.

புலம்பி வாய் மூடவில்லை, மார்கழியில் அப்பெண்டிக்ஸ் வெடித்தது. காப்புறுதி பாதியைக் கட்டிவிட்டு மீதிக்கு ஆயிரம் சாட்டுச் சொன்னது. விமான டிக்கெட்டுக்கென்று மனிதர் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. வைகாசிக் கடைசியில் ஊரில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாமல் யார் தாரை வார்ப்பது?

மாசியில் நான்தான் அவரைப் பதினோராம் மாடிக்குக் கூட்டிப்போனேன். அண்ணை ஆஸ்பத்திரிப் பில்லைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்பெண்டிக்ஸோ! அருமை, அருமை. இரும் ஐசே. பிடிச்ச ஹெல்த் காசும் செலவு. ஆஸ்பத்திரியும் செலவு. ஊரிலை மனிசி இருக்கிறாவே?"

"இருக்காண்ணே."

"அவவும் செலவு. இந்த மூண்டையும் காட்டினால், உம்மடை சம்பளத்திலை பிடிச்ச வரி முழுக்கத் திரும்பி வரும். டிக்கெட்டுக்குப் போதும். நீர் மகளின்ரை கலியாணத்துக்குப் போறீர். சரியோ?"

அந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் அண்ணை சொன்னால் சொன்னதுதான். பென்சிலைச் சீவிக்கொண்டு, எங்கள் ஆட்களிடம் எப்போதும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டார்.

"தகப்பன் பேர்?"

"முத்தையா."

கடைசிப் பெயர்: முத்தையா. முதற் பெயர்: வேலுச்சாமி. யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார், எல்லோருக்கும் அது சரியாகவே வரும். மதுரைக்காரர் தகப்பன் பெயரை ஒரே ஓர் எழுத்தாக முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார் என்பதும், பாஸ்போர்ட்டிலும் சம்பளத் துண்டிலும் அவர் 'எம். வேலுச்சாமி' என்பதும் அண்ணைக்குத் தோன்றவே இல்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டும் பார்க்கவில்லை. பல வருடத்துப் பழக்கம்.

சித்திரை நடுவில் கடிதம் வந்தது. 'மதிப்புக்குரிய திரு. முத்தையா' என்று தொடங்கியது. நீங்கள் அனுப்பிய ஹெல்த் துண்டுகளும் அப்பெண்டிக்ஸும் திரு. எம். வேலுச்சாமி என்பவருடையவை, அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள்.

வேலுச்சாமி யோசிக்கவேயில்லை. "அப்பன் மகன்னு எழுதிருங்கண்ணே. உண்மைதானே?"

"எழுதலாம். பிறகு கொப்பர் வந்து கையெழுத்து வைக்கவேணும்."

"அவரு செத்து இருவது வருசமாச்சே!"

அண்ணை டையைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. "பிழை என்ரை. பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் எழுதிப்போட்டன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலை என்னுடைய ஓட்டைக் காரில் மூன்று பேரும் வரிக் கந்தோருக்குப் போனோம். அண்ணை அன்றைக்குக் காற்சட்டை போட்டிருந்தார். கவுண்டரில் இருந்த பெண்மணி மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அண்ணை என்னை முழங்கையால் தள்ளிவிட்டுத் தன் ஆங்கிலத்தில் தொடங்கினார். அது தமிழில் இப்படி:

"மேடம், எங்கடை ஊரிலை அப்பா முன்னுக்கு, நாங்கள் பின்னுக்கு. உங்கடை ஊரிலை நாங்கள் முன்னுக்கு, அப்பா பின்னுக்கு. ஆனால் மேடம், அப்பெண்டிக்ஸ் ஒண்டுதான்."

மேடம் கடிதத்தைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். "இதில் யார் திரு. முத்தையா?" என்று கேட்டார்.

வேலுச்சாமிக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை. ஆனால் அப்பெண்டிக்ஸ் என்ற சொல் விளங்கியது. தன்னை நம்பவில்லையாக்கும் என்று நினைத்து, சேர்ட்டைத் தூக்கித் தையல் தழும்பைக் காட்டினார். பின்னால் வரிசையில் நின்ற சீனக் கிழவி ஒருத்தி எட்டிப் பார்த்து அனுதாபத்தோடு தலையாட்டினாள்.

"தயவுசெய்து இறக்கச் சொல்லுங்கள்" என்றார் மேடம். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி கொண்டுவரச் சொன்னார். வக்கீல் ஒருவரைப் பிடித்து மத்தியானத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தோம். எல்லாம் முடிய ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், ஆகலாம் என்றார் மேடம். கல்யாணத்துக்கு இருந்ததே ஆறு கிழமை.

அண்ணை கவுண்டரை விட்டு அசையவில்லை. "மேடம், ஒரு வசனம் எழுதுங்கோ. இந்தப் பிழை இவரின்ரை இல்லை. நான் கேட்ட கேள்விதான் பிழை. அதுக்காக இவரின்ரை மகள் தகப்பனில்லாமல் மணவறையிலை இருக்கக்கூடாது." மேடம் உண்மையாகவே பேனாவை எடுத்து எழுதினார்.

அதோடு விட்டாரா மனிதர்? தினமும் காலையில் இரண்டு பஸ் மாறி வரிக் கந்தோருக்குப் போனார். சண்டை கிடையாது, கெஞ்சல் கிடையாது. டை கட்டிக்கொண்டு கதிரையில் இருப்பார். மேடம் நிமிர்ந்தால் "குட் மோனிங்" என்பார். மத்தியானம் எழும்பி அப்படியே வாளிக் கொம்பனிக்குப் போவார். மூன்றாம் கிழமை ஒருநாள் மேடம் அவரைக் கண்டதும் கையை ஆட்டிக் கூப்பிட்டாராம்.

"மிஸ்டர் முத்தையா! உங்கள் காசோலை நேற்றுத் தபாலில் போய்விட்டது."

"முத்தையா நானில்லை எண்டு சொன்னனீங்களே?" என்று கேட்டேன்.

"விசரா உனக்கு? திரும்பவும் சத்தியக் கடதாசி கேட்டால்? 'தாங்க் யூ மேடம்' எண்டு சொல்லிப்போட்டு ஓடி வந்திட்டன்."

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்க வேலுச்சாமி விமானம் ஏறினார். விமான நிலையத்தில் அண்ணையின் காலில் விழப்போனார். "குனியாதையும், தையல் விட்டிடும்!" என்று அண்ணை பாய்ந்து பிடித்தார்.

ஊரில் கல்யாண நாள் விடியல், எங்களுக்கு இன்னும் முதல்நாள் பின்னேரம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அண்ணை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, டையும் சாரமுமாக ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தார். நானும் இருந்தேன். மணி அடித்தது. மண்டபத்துக்கு எதிரே ஒரு பூத்திலிருந்து வேலுச்சாமி கத்தியது எனக்கே கேட்டது.

"அண்ணே, தாலி கட்டியாச்சுண்ணே! நான்தாண்ணே தாரை வாத்தேன்! மைக்கு போட்ருக்கு, கேளுங்க!"

ரிசீவரை வெளியே நீட்டியிருப்பார் போலும். நாதஸ்வரமும் தவிலும் இரைச்சலோடு வந்தன. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் லைன் அறுந்தது. அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"கட்டாயிட்டுது அண்ணை" என்றேன்.

"தெரியும்." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "என்ரை மூத்தவளுக்குப் போன வருஷம் கலியாணம். கேஸ் முடியாமல் நான் எப்பிடிப் போறது? அங்கை போனும் இல்லை. கடிதம் மூண்டு மாசம் பிந்தித்தான் வந்தது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை." ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு, "அண்டைக்கும் மேளம் உப்பிடித்தான் கேட்டிருக்கும், என்னடா தம்பி?" என்றார்.

"ஓம் அண்ணை. உப்பிடித்தான் கேட்டிருக்கும்" என்றேன். அந்த மனிதரை நான் அவ்வளவு நேசித்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.