பேர் சொல்லிக் கூப்பிட்ட மேனேஜர்

"பேக்கிங்குக்கு மெஷின் வருது. எடை போட இனிமே ஒரு ஆள் போதும். யாரு போறதுன்னு ஒண்ணாந்தேதி நோட்டீஸ் ஒட்டுவேன்" என்று சொல்லிவிட்டு, மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திருந்த மேனேஜர் இராமச்சந்திரன் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

திண்டிவனம் ரோட்டு பிஸ்கட் கம்பெனியில் எடை போடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் இளையபெருமாள். இன்னொருவர் ஜான் பாஷா.

இருவரும் பதினோரு வருடங்களுக்கு முன் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஆனால் கேண்டீன்காரர் ஜான் பாஷாவின் டீயில் மட்டும் பாலேடு போடுவார். அந்த ஏட்டுக்கே பதினோரு வருடமாக இளையபெருமாளுக்குப் பொறாமை. இப்போது வேலையும் அந்தப் பக்கம் போய்விட்டால்?

"பாயைத்தான் வெச்சுக்குவாங்க, பாரு. நெனைச்சாலே வயிறு எரியுது" என்று வீட்டில் புலம்பினார்.

"மோர் இருக்குது, எடுத்துக் குடிங்க" என்றாள் மனைவி விருத்தாம்பாள்.

இரண்டு சொம்பு குடித்தும் எரிச்சல் அடங்கவில்லை. மேனேஜருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் டின் டின்னாக எடைச் சீட்டு எழுதி ஒட்டியதில் அவர் கையெழுத்து கம்பெனி முழுக்கப் பிரசித்தம். அதனால் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் ராஜாங்கத்திடம் போனார். போன வருடம் ஒரே மனுவில் இளையபெருமாளுக்கு ரேஷன் கார்டு வாங்கித் தந்த கை அது.

"மேனேஜருக்கு ஒரு கடுதாசி. நான் சொல்றத எழுதி, நீயே ஒட்டித் தபால் பொட்டில போட்டுடு. என் கையே படக்கூடாது" என்றார், குரலைத் தாழ்த்தி.

"கவலைய வுடுண்ணா. மொறப்படி போயிடும்" என்றார் ராஜாங்கம்.

ஜான் பாஷா உடைந்த பிஸ்கட்டை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்பது கடுதாசி.

மேனேஜர் ஜான் பாஷாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"குப்பையில கொட்டுறதத்தான் சார் கோழிக்கு எடுத்துட்டுப் போறேன். பழைய மேனேஜரே எடுத்துக்கன்னாரு. பக்கத்து ஊரு வல்லத்துல நாலு கடைக்காரங்க காசுக்கே கேக்குறாங்க" என்றார் ஜான் பாஷா.

"குப்பைக்குக் காசா!" என்று மேனேஜர் துள்ளிக் குதித்தார். மறுநாளே உடைசல் விற்பனை தொடங்கியது. பொறுப்பு, ஜான் பாஷா.

இளையபெருமாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு ஆறுதல். யாரைப் பார்த்தாலும் 'மிஸ்டர்' என்றே கூப்பிடும் மேனேஜர், அவரைப் பார்த்ததும் நின்று, "ஓ, நீங்கதான் இளையபெருமாளா?" என்றார்.

இரண்டாவது கடுதாசி போனது. ஜான் பாஷா தராசை விட்டுவிட்டு, மாவு பிசையும் இடம், அடுப்படி என்று சுற்றி வம்பளக்கிறார்.

மேனேஜர் போய்ப் பார்த்தார். ஜான் பாஷா வம்பளந்துகொண்டே அடுப்பைத் திருகிச் சூட்டைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"எல்லா வேலையும் தெரிஞ்ச ஆளு இவருதான்" என்று மேனேஜர் ஊரறியச் சொன்னார். அப்படியே திரும்பி, "ஆதிமூலம் மகன் இளையபெருமாள், சௌக்கியமா?" என்றும் கேட்டார்.

"நைனா பேரு வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்காரு!" என்று இளையபெருமாள் வீட்டில் பூரித்தார்.

"அப்போ வேலை உங்களுக்குத்தான்" என்றாள் விருத்தாம்பாள்.

அப்படியே விட்டிருக்கலாம். பொறாமை விடுமா? மூன்றாவது கடுதாசியும் போனது. ஜான் பாஷா மூன்று மணிக்கே வேலையை முடித்துவிட்டுப் புளியமரத்தடியில் தூங்குகிறார்.

"எட்டு மணி நேர வேலைய அஞ்சு மணி நேரத்துல முடிக்கிறாரா!" மேனேஜருக்குத் தாங்கவில்லை. புது மெஷினை ஓட்டப் பழகிவர, ஜான் பாஷாவுக்கு மெட்ராஸ் பஸ்ஸுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டார். இளையபெருமாளிடம், "சிறுகடம்பூர்ல பதினேழாம் நம்பர் வீடுதானே?" என்று மட்டும் சிரித்தபடி கேட்டார்.

புறப்படும் அன்று ஜான் பாஷா ஒரு பொட்டலம் அல்வாவோடு வந்தார்.

"எல்லாம் உங்களாலதான் மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

குத்திக் காட்டுகிறார் என்று இளையபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அல்வாவைப் பிரிக்காமலே நாய்க்குப் போட்டார். அது நெய் அல்வா என்று தெரிந்தபோது அதற்கும் வயிறு எரிந்தது.

ஒண்ணாந்தேதி நோட்டீஸ் ஒட்டினார்கள். வேலை நீக்கம்: சிறுகடம்பூர், கதவு எண் பதினேழு, ஆதிமூலம் மகன் இளையபெருமாள்.

பதினோரு வருட வேலை. வீட்டுக்குப் போய் விருத்தாம்பாள் முகத்தில் விழிக்கத் தெம்பில்லை. நேராகத் தாலுகா ஆபீஸ் வாசலுக்கு ஓடி, ராஜாங்கத்தின் எதிரே பொத்தென்று உட்கார்ந்தார்.

"வேலை போச்சு ராஜாங்கம்! எவனோ ஒரு பாவி எம்மேல மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். கண்டுபிடிக்கணும்னு லேபர் ஆபீசருக்கு ஒரு மனு எழுது."

ராஜாங்கம் பேனா மூடியைக் கழற்றினார்.

"மொட்டைக் கடுதாசியா? த்தூ, அது ஈனப்பசங்க பண்ற வேலைண்ணா. நம்மகிட்ட அந்தப் பழக்கமே கெடையாது. நீ சொல்லி எழுதின மூணுலயும் இப்படிக்குன்னு உன் பேரு, உங்க நைனா பேரு, கதவு நம்பரு எல்லாம் கொட்டை எழுத்துல போட்டுத்தான் அனுப்பினேன்!"