கரி மோட்டாரும் கல்லுக்கட்டு வேலையும்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. சென்றாயன் பக்கம் ஒரு சொல் கூடிவிட்டால் பாவாயி என்னோடு பேசமாட்டாள். பாவாயி பக்கம் கூடிவிட்டால் சென்றாயன் யாரோடும் பேசமாட்டான். புருஷனும் பெண்டாட்டியுமான அவர்கள் காடு எங்கள் காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. எங்கேயாவது பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் மோட்டார்களைக் கரி போட்டு ஓட்டினார்கள். கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் எங்கள் சிற்றூருக்குச் சண்டையும் வரவில்லை, மோட்டாரும் வரவில்லை. கேழ்வரகு மட்டும் நன்றாக வந்திருந்தது. கதிர் முற்றுகிற சமயம். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒரு நாள் காலையில் சென்றாயன் களியில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிக்கொண்டே பெண்டாட்டியிடம் அறிவித்தான்:

“இனிமே நான் கண்டிராக்ட் ஆளு.”

கீழே சேந்தமங்கலத்தில் ஒரு கண்டிராக்டர் வந்து தங்கியிருக்கிறாராம். ரோட்டோரம் சுவர் கட்ட வேண்டுமாம். சாந்து இல்லாமல் கல்லோடு கல்லைக் கோத்துக் கட்டத் தெரிந்தவன் நேரில் வந்து பேசினால் வேலையாம். மலைக்காட்டு வரப்பெல்லாம் அப்படிக் கட்டியதுதான். சென்றாயன் கட்டிய வரப்பை மழையும் அசைத்ததில்லை, மாடும் அசைத்ததில்லை.

“வேலை எங்கீங்க?” என்றாள் பாவாயி.

“கீழ.”

“கீழன்னா? அடிவாரத்துலயா, அதுக்கும் அப்பாலயா?”

“போனாத்தான புள்ள தெரியும்!”

“தெரிஞ்சுக்கிட்டுப் போகோணும்ங்க. எறங்க ஒரு நாளு. ஏற ஒரு நாளு. காலு வீங்கிக் கெடக்க ஒரு நாளு. அத்தனை நாளும் ராகிக்குக் காவல் யாரு? பன்னிகிட்டச் சொல்லீட்டுப் போறீங்களா?”

“பன்னிக்குப் பயந்தா மனுசன் முன்னுக்கு வர முடியுமா?”

“பன்னி முன்னுக்கு வந்துருமுங்க. செரி, போறதுதான் போறீங்க. வேலை எந்த எடம், சோறு யாரு போடறது, படுக்கறது எங்க, போற வர்ற நடை அவங்க கணக்கா நம்ம கணக்கா, இத்தனையும் கேட்டுப்போட்டு வாங்க.”

சென்றாயன் அதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, தோளில் ஒரு வாழைத்தாரும் இடுப்பில் ஒரு முடிச்சு மிளகுமாகப் புறப்பட்டான். வாழைத்தார் கண்டிராக்டருக்கு. மிளகு விற்று வழிச்செலவுக்கு.

அடிவாரத்தில் மோட்டார் நின்றது.

அதுவரைக்கும் அவன் அதைப் பார்த்ததில்லை. அதன் முதுகில் ஒரு கறுப்பு உருளை. உருளைக்குள் நெருப்பு. ஒருவன் பக்கத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உருளை மூச்சு விட்டது. முதலில் இருமியது. பிறகு நடுங்கியது. பிறகு அத்தனை ஆட்களையும், கோழிக் கூடைகளையும், ஒரு வெள்ளாட்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அது தானாக நகர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சென்றாயன் கைகூப்பினான். புளியமரங்கள் பின்னால் ஓடின. காற்று தலைமுடியைப் பிடித்து இழுத்தது. திரும்பிப் பார்த்தால் அவ்வளவு பெரிய கொல்லிமலை சின்னதாகிக்கொண்டே போனது. மனப்பாடம் செய்த கேள்விகள் எந்தப் புளியமரத்தடியில் விழுந்தனவோ தெரியாது.

கண்டிராக்டர் வீட்டுக்குப் போனான். தாரை இறக்கினான். “உங்க பக்கம் மழைங்களா?” என்று கேட்டான். “பேஞ்சுது” என்றார் அவர். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப நான் வாரனுங்க” என்று எழுந்து வந்துவிட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் வகையறாவில் அதுதான் மரியாதை. பெண் கேட்கப் போனாலும் மாடு கேட்கப் போனாலும் முதல் தடவை முகம் காட்டுவது. இரண்டாம் தடவை பேச்சுக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்புவது. மூன்றாம் தடவைதான் வாயைத் திறந்து கேட்பது.

வீட்டுக்கு வந்தவனிடம் பாவாயி கேட்டாள்: “வேலை எந்த எடமுங்க?”

“அத உடு புள்ள. அடுப்பு ஓடுது!”

“என்னது?”

“அடுப்பு! கரியப் போட்டு ஊதறாங்க. மோட்டாரு ஓடுது. நாப்பது பேரு உக்கோந்திருக்காங்க. ஒருத்தருக்கும் காலு நோவுல.”

“நம்மூட்டு அடுப்பையும்தான் நான் கண்ணாலம் ஆன நாள்லருந்து ஊதறன். ஒரு சாண் நகரலியே.”

“உனக்கு ஊதத் தெரியல.”

“செரி. கண்டிராக்டரு என்ன சொன்னாரு?”

“மழை பேஞ்சுதுன்னாரு.”

பாவாயி களி கிண்டுகிற கோலை நிறுத்தினாள். “அதக் கேக்கவா எறங்கிப் போனீங்க?”

“எடுத்த எடுப்புல கேட்டா நம்ம மதிப்பு என்னாவுறது? வேலை கேக்கறதும் பொண்ணு கேக்கற மாதிரித்தான். மூணு நடை வேணும்.”

மூன்று நடை என்றால் மூன்று தரம் மோட்டார். சென்றாயன் முன்னோர்களின் அறிவை எண்ணி வியந்தான். மோட்டார் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இப்படி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி வைத்திருக்கிறார்களே!

“பொண்ணு கேக்கற மாதிரியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாவாயி மறுபடி கிண்டத் தொடங்கினாள்.

இரண்டாம் தடவை மலைத்தேன் போனது. மிளகு முடிச்சும் போனது. சென்றாயன் கண்டிராக்டரிடம் கல் எவ்வளவு கனமானது என்பதைப் பற்றிப் பொதுவாகப் பேசிவிட்டு எழுந்தான். இந்தத் தடவை உருளைக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்ததால் முகமெல்லாம் கரியோடு வந்து சேர்ந்தான். அந்தக் கரியைக் கழுவவும் மனம் வரவில்லை. அவன் இல்லாத நாளில் பாவாயி பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டித் தட்டித் தொண்டை கட்டியிருந்தாள். அப்படியும் கீழ்ப்பாத்தியில் பன்னி புகுந்துவிட்டது.

மறுநாள் மிளகு வாங்குகிற பொங்கியண்ணன் ஏறி வந்தார். அடிவாரத்துக் குடியானவர். பாவாயியிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“அம்மிணி, உங்கூட்டுக்காரரு மோட்டார்ல போறாரு, மோட்டார்ல வர்றாரு. வேலைன்னு ஒரு வார்த்தை பேசலியாம். அந்தக் கண்டிராக்டரு என்னையக் கேக்கறாரு, ‘ஏனுங்க, மலையிலருந்து ஒருத்தரு பழமும் தேனும் கொண்டாந்து வெச்சுப்போட்டு மழையக் கேட்டுட்டுப் போறாரே, ஏதாச்சும் நேர்த்திக்கடனா’ன்னு!”

சண்டை போடுவாள் என்று பொங்கியண்ணன் எதிர்பார்த்தார். அவள் மிளகை முறத்தில் கொட்டிப் புடைத்தாள்.

“ஏனுங்கண்ணா, ஆளு வேணுங்கறது அவருக்குத்தான?”

“ஆமா அம்மிணி. அடியிலருந்து மேல வர்ற குதிரைப் பாதைகூட அவரு கண்டிராக்ட்தான். மழைக்கு வளைவெல்லாம் சரிஞ்சு கெடக்குது. கட்டறதுக்கு ஆளில்லாம அலையறாரு.”

“அப்ப அவருதான் மாப்பிள்ளை ஊடு. பொண்ணு வேணும்னா அவங்கதான படியேறோணும்? நான் சொன்னேன்னு சொல்லுங்க. நடை அவரு கணக்கு.”

மூன்றாம் தடவைக்குச் சென்றாயன் நல்ல வேட்டி கட்டிக்கொண்டான். பாவாயி தடுக்கவில்லை. கட்டுச்சோறுகூடக் கட்டிக்கொடுத்தாள். இவ்வளவு நல்லவளா என்று போகிற வழியெல்லாம் அவனுக்கு ஆச்சரியம். அன்றைக்குக் கரி ஈரம். மோட்டார் பாதி வழியில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். சென்றாயன் இரண்டு கையாலும் அதன் முதுகைத் தொட்டுத் தள்ளினான். உட்கார்ந்து போவது யாருக்கும் கிடைக்கும். தள்ளுவதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரவு சாவடியில் படுத்துவிட்டு, விடிந்ததும் போய் வாசலில் நின்றான். இன்றைக்குக் கேட்டே விடுவது.

“ஐயா இல்லீங்களே,” என்றார் குமாஸ்தா. “கோழி கூப்பிடவே மலைக்குப் பொறப்பட்டுட்டாரு.”

“மலைக்கா? எதுக்குங்க?”

“யாரோ பாவாயியாம். நேர்ல வந்து பேசச் சொல்லி ஆளனுப்பிச்சாங்களாம்.”

சென்றாயன் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. பொழுது சாய்கிற நேரத்தில் மூச்சு வாங்க வாசலுக்கு வந்தால், முழங்கால் வரைக்கும் சேறோடு கண்டிராக்டர் கல்லின்மேல் உட்கார்ந்து தேனும் தினைமாவும் தின்றுகொண்டிருந்தார். எதிரே தட்டில் வெற்றிலை பாக்கு.

“வாங்க, வாங்க! மழை உங்க பக்கம் எப்படீங்க?” என்றார் கண்டிராக்டர்.

பாவாயி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“குடிங்க. பேசி முடிச்சாச்சு. வெத்தலையும் மாத்தியாச்சு.”

“என்ன பேசுனீங்க?”

“உங்கூட்டம்மா பேசுனாங்க. நான் கேட்டுக்கிட்டேன்,” என்றார் கண்டிராக்டர். “நானும் எத்தனையோ பேரைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்கேன். என்னை உக்கார வெச்சு விசாரிச்சது இவங்க ஒருத்தர்தான்.”

குதிரைப் பாதையில் அவர்கள் காட்டுக்கு நேர் கீழே இருக்கிற வளைவுதான் வேலை. காட்டிலிருந்து கூப்பிட்டால் காது கேட்கும். மத்தியானம் வீட்டுக்கு வந்து களி தின்றுகொள்ளலாம். பொழுது இறங்குமுன் காவலுக்கு வந்துவிடலாம். இறங்குகிற நாளும் இல்லை, ஏறுகிற நாளும் இல்லை. சென்றாயன் ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது. அன்றைக்கு மோட்டாரைப் பார்த்தபோது எப்படித் திறந்ததோ அப்படி. இத்தனை வருஷமாக இந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறதே!

“அப்ப மேஸ்திரி நானுங்களா?” என்று கண்டிராக்டரைக் கேட்டான்.

அவர் பாவாயியைப் பார்த்தார்.

“வெத்தலை மாத்துனது நானுங்களே,” என்றாள் அவள். “நீங்க கட்டறீங்க. மேஸ்திரி நானு.”

சென்றாயன் தண்ணீரைக் குடித்தான். கட்டுவது போதும். ஒன்றே ஒன்றுதான் அவனுக்குக் கேட்கப் பாக்கி இருந்தது. கண்டிராக்டர் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் படுக்கப் போகிற வரைக்கும் பொறுத்திருந்து மெல்லக் கேட்டான்.

“ஏ புள்ள, கீழ போற சோலியே இல்லீன்னா மோட்டாரு ஏறறது எப்ப?”

“அதையும் பேசியாச்சுங்க. வேலை முடிஞ்சதும் நாமக்கல் வரைக்கும் அவரு கணக்குல ஒருத்தரை மோட்டார்ல கூட்டிட்டுப் போறாராம்.”

அவன் முகம் கரி பற்றிக்கொண்ட உருளை மாதிரி கனன்றது. “ஒருத்தரையா! பாவாயி, நீ தெய்வம் புள்ள!”

“நீங்க ஏறுனா எறங்க மாட்டீங்க,” என்றாள் பாவாயி. “எதுக்கு வம்புன்னு, அந்த எடத்துல நானே உக்கோந்துக்கறேன்னு சொல்லீட்டனுங்க.”