அரசரின் சந்தனக்காப்பு

மலைகளுக்கு அப்பால் சாந்தபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே சந்தனமரம் தெய்வத்துக்குச் சமம். வெட்டுவதற்கு முன் மரத்திடம் மன்னிப்புக் கேட்பார்கள். கோயிலுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய கட்டையில்தான் அத்தர் வடிப்பார்கள்.

ஒரு கோடையில் அரசர் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். ஆணைகள் மட்டும் வந்தன. கோயில் சந்தனமெல்லாம் அரண்மனைக்கு வர வேண்டும் என்றது முதல் ஆணை. சாமிகள் காப்பில்லாமல் வெறும் கல்லாக நின்றன. அடுத்து, வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரங்களும் அரசருடையவை என்று அறிவிக்கப்பட்டது. சிதையில் ஒரு துண்டு சந்தனம் வைப்பது ராஜதுரோகமாயிற்று.

அத்தர் வடிக்கும் மரகதவல்லியின் தம்பி கதிரேசன், அப்பாவின் சிதையில் அப்படியொரு துண்டை வைத்துச் சிறைக்குப் போனான். அவனை விடுவிக்கும்படி கெஞ்ச அரண்மனைக்குப் போனவளை, நறுமணத் துறை அமைச்சர் வேதவனம் உள்ளே அழைத்துச் சென்றார்.

"அரசருக்குத் தைலம் பூச ஆள் தேவைப்படுகிறது. முன்பு இருந்தவர்கள் கொஞ்சம் பேசிவிட்டார்கள்," என்றார்.

திரைக்குப் பின்னால் அரசர் சாய்ந்திருந்தார். சந்தனப் புகை கண்ணை மறைத்தது. மரகதவல்லி அவர் கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. தைலம் பூசியபோது தோல் அவள் விரலோடு வந்துவிட்டது.

"ஐயா, இவரு..."

"மௌனத்தில் இருக்கிறார்," என்றார் வேதவனம். "அவர் மௌனமாக இருக்கும்போதுதான் நிர்வாகம் செம்மையாக நடக்கிறது. உன் தம்பி நாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவான்."

அவள் வாயை மூடிக்கொண்டு மீதித் தைலத்தையும் பூசினாள். கதிரேசன் வந்தான். சிறையில் என்ன நடந்தது என்று கேட்டால், "நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

மழைக்காலத்துக்குள் காட்டில் மரம் தீர்ந்தது. தைலம் நின்றது. அரண்மனையிலிருந்து கிளம்பிய வாடை தெருத் தெருவாக இறங்கியது. குழந்தைகள் வாந்தி எடுத்தன. அதுதான் உண்மையான சந்தன மணம், மூக்கைப் பொத்துவோர் தேசவிரோதிகள் என்று ஆணை வந்தது. பள்ளிகளில் அதை முகர்ந்து பழகத் தனிப் பாடவேளை ஒதுக்கினார்கள்.

பிறகு, அரசரே நீடிக்கலாமா என்று மக்களைக் கேட்கும் தேர்தல் வந்தது. அவரைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஈக்கள் மொய்த்ததில் பல்லக்கின் பொன் நிறமே தெரியவில்லை. கூட்டம் கைகூப்பி நின்றது.

மரகதவல்லிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற தம்பியின் காதோடு சொன்னாள்: "கதிரேசா, அது பொணம்டா. நான் தொட்டுப் பாத்தேன். வா, எங்கேயாவது போயிடலாம்."

"மெதுவாப் பேசுக்கா," என்றான் அவன். "என்ன வாசனை பாரு."

பயத்தில் சொல்கிறான் என்று நினைத்து அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இல்லை. கண்களை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான்.