ஜன்னலோரத்துக் கடல்

கடலை என் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தே தீருவது என்று எண்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டில் முடிவு செய்தேன். கள்ளக்குறிச்சியில் குடையும் டிரங்குப் பெட்டியும் விற்கிற தஸ்தகீருக்குக் கடலோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். ஒரே உறவுதான். என் மனைவி மெகருன்னிசா பரங்கிப்பேட்டைக்காரி.

நிஜக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் வெளிச்சமான இடம் ஜன்னலோரம் மட்டும்தான். அங்கே தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைக்கப்போவதாக மெகரு சொல்லிக்கொண்டிருந்தாள். தெருப் பெண்களெல்லாம் வந்து அளவு கொடுத்தால் என் ஈஸிசேரை நான் எங்கே கொண்டு போடுவது? வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. ஆகவே மெஷின் வருவதற்குள் மீன்தொட்டி.

மூணடித் தொட்டி வந்தது. காற்று விடும் மோட்டார் வந்தது. கடலூரிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் லாரியில் வந்தது. மீன் பிடித்துத் தந்தவர், "மொதல்ல வெறுந்தண்ணி ஒரு மாசம் ஓடட்டும் பாய். அப்பறம் ஒண்ணொண்ணா வுடுங்க" என்றார். ஒரு மாசம் வெறும் தண்ணீரை வைத்தால் மெகரு அதில் துணி அலசிவிடுவாள். ஆறு மீனையும் அன்றைக்கே விட்டேன். மஞ்சள் கோடு போட்டது மூன்று, நகத்தளவு நீல வால் இரண்டு. ஆறாவது பழுப்பு நிறம், புள்ளி புள்ளியாக, கட்டைவிரல் நீளம். முகம் பாவமாக இருந்ததால் எடுத்தேன்.

மெகரு குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க, இந்தப் புள்ளி மீனு களவாக் குஞ்சாச்சே, இத்தப் போயி இதுங்களோட வுட்டுக்கினு? வாய்ல அடங்கறதெல்லாம் அதுக்குச் சோறு. தனியா வையுங்க."

"மீனப் பத்தி எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"கொழம்புல பாத்திருக்கேன்."

மூன்றாம் நாள் ஒரு நீல வாலைக் காணோம். தொட்டிக்குப் பின்னால் தேடினேன். கட்டிலுக்கு அடியில் தேடினேன். மறுநாள் இன்னொன்று. அதற்குப் பிறகு எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாடிக்கையாளர் குடையை விரித்துப் பார்த்து மடக்குவதற்குள் வீட்டுக்கு ஓடி மீனை எண்ணிவிட்டு வந்தேன்.

"களவான்னு பேர வச்சுக்கினு களவு பண்ணாம இருக்குமா?" என்று மெகருவே அதைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றினாள்.

அடுத்த வாரம் தொட்டியில் தண்ணீர் ஓரங்குலம் இறங்கியிருந்தது. மெகரு பதறினாள்.

"தண்ணி கொறஞ்சிபோச்சுங்க! இன்னிக்கே கடலூருக்குப் போயி கடல் தண்ணி எடுத்தாங்க."

என் மீனுக்காக இவள் பதறுகிறாளே! கண் கலங்கிவிட்டது. இரண்டு கேனோடு பஸ் ஏறினேன்.

கடலூரில் தங்கி மறுநாள் திரும்பும்போது எலவனாசூர்கோட்டையில் பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் சாய்ந்து கிடந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். மறியலில் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம் என்ற விவசாயக் கூலிக்காரர் என் கேனைத் திறந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"இன்னா பாய், கரிக்குது?"

"கடல் தண்ணிங்க. மீனுக்கு."

"மீனு எங்க?"

"கள்ளக்குறிச்சில."

"மீன கடலுக்கு அனுப்பறத வுட்டுட்டு, கடல மீனுக்கு எடுத்துக்கினு போறியா?" என்று கேட்டுவிட்டு, பரிதாபப்பட்டு ஒரு சொம்பு கூழ் கொடுத்தார். "ஊரெல்லாம் நோட்டீசு ஒட்டியிருந்தோமே, பாக்கலியா? படிப்புல, வேலைல எங்களுக்கு எடம் வேணும்னு குந்திக்கினு இருக்கோம். ஒனக்கு இன்னா வேணும்?"

"எனக்கும் எடந்தாங்க. ஜன்னலோரமா."

அந்த ஊர்ப் பள்ளிவாசலில் இரண்டு நாள் படுத்தேன். படுத்தேனே தவிரத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் நாலு மீனும் வாயைப் பிளந்தன. மூன்றாம் நாள் விடிந்ததும் கேன்களைக் கழியின் இரண்டு முனையிலும் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் வெட்டிப் போட்டிருந்த மரங்கள் மேல் ஏறி இறங்கினேன். தியாகதுருகத்தில் ஒரு செருப்பு அறுந்தது. ஒற்றைச் செருப்போடு ஊர் வந்து சேர்ந்தேன்.

கூடத்தில் ஜன்னலோரம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பாயிஸா கையை நீட்டி யாருடைய ரவிக்கைக்கோ அளவு காட்டிக்கொண்டிருந்தாள். என் ஈஸிசேர் நிறையத் துணி.

"எங்கடி என் கடல்?"

"கடையில. நானும் பாயிஸாவும் டியூப் போட்டுத் தண்ணிய எறக்கி, தள்ளுவண்டில கொண்டுபோயி வச்சிட்டோம். மீன் நாலும் ஜோரா இருக்குது. களவா அதும்பாட்டுக்கு ஜாடில."

"கொறஞ்ச தண்ணிக்கு?"

"கெணத்துத் தண்ணி ஊத்தினேன். வெயிலு குடிக்கறது தண்ணியத்தான், உப்பு உள்ளயேதான இருக்குது? அது மேல கடல் தண்ணி ஊத்தினா உப்பு ஜாஸ்தியாயி மீன் செத்துடும்."

"இது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கடலோரத்துல பொறந்தவளுக்குத் தெரியாதா?"

"அப்பறம் எதுக்குடி என்னை அனுப்பின?"

மெஷின் நின்றது. பாயிஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மறியல் ஒரு வாரம்னாங்க" என்றாள் மெகரு, நூலைப் பல்லால் கடித்தபடி. "நீங்க இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்களே. அளவு எடுக்கற எடத்துக்குத் திரைச்சீலை இன்னும் தைக்கலை."

இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தேன். பின்னாலேயே குரல் வந்தது.

"ஏங்க, அதை அங்க ஊத்தாதீங்க. முருங்கை பட்டுப்போவும்."