டீ பானைக்கு அடியில் இருந்த பெரியப்பா

சாப்பல் தெரு 14, கில்பிராக்
15 அக்டோபர் 1998

திரு இருதய ஆண்டவரின் காவலில் சிகாகோ நகரில் வாழும் என் அன்புத் தங்கை டிம்ப்னாவுக்கு, அண்ணன் மலாக்கி டூஹி எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க எல்லாப் புனிதர்களையும் வேண்டுகிறேன். இங்கு மழை. என் முழங்கால் வலி பழையபடியே. நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, செவ்வாய்க்கிழமையிலிருந்து என் கால் தரையில் நிற்கவில்லை.

நீ உட்கார்ந்துதானே படிக்கிறாய்? உட்கார்ந்துகொள். அப்பா சொன்ன மாதிரி நம் பெரியப்பா ஜெரமையா தீயணைப்பு ஏணியிலிருந்து விழுந்து சிகாகோவில் சாகவில்லை. அவர் சிகாகோவுக்கே போகவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து, பிரான்ஸில் சண்டையில் செத்திருக்கிறார். ஐயோ, நம் வீட்டு விலாசத்தின் கீழ் இதை எழுத வேண்டியதாயிற்றே.

நடந்ததைக் கேள். இந்த ஊரிலிருந்து அந்த ராணுவத்துக்குப் போய்ச் செத்தவர்களுக்கு ஒரு கல் நட வேண்டுமென்று ஓர்லா என்கிற பள்ளிக்கூட டீச்சர் கிளம்பியிருக்கிறாள், வயசு முப்பதுகூட இருக்காது, செவ்வாய்க்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டாள், நான் சும்மா இருப்பேனா, அப்பா 1920-ல் நம் நாட்டு விடுதலைக்காக அதே ராணுவத்தை எதிர்த்து வேலி மறைவில் துப்பாக்கியோடு படுத்துக் கிடந்தவர், அவர் பிள்ளை நான், எழுந்து முக்கால் மணி நேரம் பேசினேன், "சாப்பல் தெருவிலிருந்து பிரிட்டிஷ் ராஜாவோட பட்டாளச் சட்டையை மாட்டினவன் ஒருத்தன் இருந்தாக் காட்டுங்க, என் மீசையில பாதியை எடுத்துக்கறேன்"னு நாற்பது பேர் முன்னாடி சவால் விட்டேன். யாரும் வாயைத் திறக்கலை. அடங்கிப்போயிட்டாங்கன்னு நெனச்சேன். நம்ம தெரு ஹனோரா ஸ்லாட்டரி மட்டும் கைப்பைக்குள்ளே எதையோ தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டா.

அந்த டீச்சர் பொண்ணு ரொம்ப மரியாதையா, "பட்டியலைப் படிச்சிரட்டுமா, ஐயா?"ன்னா. படி, படின்னேன். ஒன்பதாவது பேரு: ஜெரமையா டூஹி, மன்ஸ்டர் படைப்பிரிவு, 1916 செப்டம்பர், தாயார் பிரிஜிட், விலாசம் சாப்பல் தெரு 14. அடப்பாவி! நான் காலையில கஞ்சி குடிச்ச வீடு! "அது வேற டூஹி"ன்னேன். "உங்க வீட்டுல வேற டூஹி இருந்தாங்களா ஐயா?"ன்னு கேக்கறா. தொப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

வீட்டுக்கு எப்படி வந்தேன்னு தெரியலை. டீ போடலாம்னு உட்கார்ந்தேன். நம்ம டீ பானைக்கு அடியில வைக்கிற வட்டத் தட்டு ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் கம்பளித் துணி ஒட்டியிருக்குமே, அந்தத் துணியைப் பிச்சா கையை முறிச்சிருவேன்னு அப்பா கத்துவாரே, அதேதான். எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. கத்தியெடுத்துத் துணியைக் கீறினேன். உள்ளே ஒரு சிங்கம்! சூலம் பிடிச்ச ஒரு பிரிட்டிஷ் அம்மா! ஓரத்துல நம்ம பெரியப்பா பேரு, வார்த்து எடுத்த எழுத்து. செத்தவன் வீட்டுக்கெல்லாம் அந்த ராஜா அனுப்பின வெண்கலத் தட்டு, டிம்ப்னா! அறுபது வருஷமா நாம அதுமேல டீ பானையை வச்சுக் குடிச்சிருக்கோம்!

அப்பாவை நெனச்சா கோபமா வருது, அழுகையும் வருது. ஒவ்வொரு நவம்பர் மாசமும் இறந்தவங்க பேரைப் பூசைக்கு எழுதிக் குடுக்கறப்ப, தன் கையால "ஜெரமையா, சிகாகோ"ன்னு எழுதுவாரே மனுஷன்! ஆண்டவர்கிட்டயே பொய் விலாசம் குடுத்திருக்காரு. உன் கதை அதைவிட மோசம். முப்பத்தஞ்சு வருஷமா அங்கே ஒரு ஜெரமையா டூஹி கல்லறையைக் கண்டுபிடிச்சுப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்ப் பூ வைக்கிறியே, அது எவன்டி?

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கல்லில் பேர் போட வேண்டுமென்றால் உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தக்காரர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். இருப்பது நீயும் நானும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடாதே. அப்பா மானம், வீட்டு மானம், என் மீசை, மூன்றும் உன் கையில். செவ்வாயிலிருந்து நான் வெளியே தலைகாட்டவில்லை. பெரியப்பா இத்தனை வருஷம் இந்த ஊரில் கல் இல்லாமல் கிடந்தவர், இனியும் கிடக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளைப் புனித பிரிஜிட்டம்மாள் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
நொந்துபோன அண்ணன்,
மலாக்கி டூஹி

பி.கு.: உறைக்குப் பசை தடவும்போது ஹனோரா ஸ்லாட்டரி சோடா ரொட்டியோடு வந்தாள். மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ரொட்டியை நறுக்கிக்கொண்டே, "அது ஊருக்கே தெரியுமே, மலாக்கி"ங்கறா! "உங்கப்பா மனசு நோகக்கூடாதுன்னுதான் எங்க வீட்டுப் பெரியவங்க, 'சிகாகோவுல எப்படிச் செத்தான் பாவம்'னு வருஷா வருஷம் கேட்டு வச்சாங்க." பின்னே ஏண்டி கூட்டத்துல வாயைத் திறக்கலைன்னேன். "நல்லாப் பேசினே. நிறுத்த மனசு வரலை."

"அப்ப பாஸ்டனுக்குப் போய்ச் செத்தார்னு சொல்வீங்களே, உங்க தாத்தா?"ன்னு கேட்டேன். கத்தியைக் கீழே வச்சா. "அதே பட்டாளத்துல, துருக்கியில, கடலோர மணல்ல. அவரோட தட்டு எங்க கொல்லைக் கதவுக்கு அண்டக் குடுத்திருக்கு. நேத்துதான் துடைச்சேன். நான் கையெழுத்துப் போட்டுட்டேன், மலாக்கி."

அவள் போனபிறகு எண்ணிப் பார்த்தேன். சாப்பல் தெருவிலிருந்து அந்த நாளில் அமெரிக்கா போனதாகச் சொல்லப்பட்டவர்கள் பதினோரு பேர். அங்கிருந்து கடுதாசி போட்டவர்கள் நாலே பேர்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. நான் போட்டாயிற்று. மீசையை முழுசாகவே எடுத்துவிட்டேன், பாதி பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் அப்பா மாதிரியே இருக்கிறேன். அந்த சிகாகோக்காரனுக்குப் பூ வைப்பதை நிறுத்திவிடாதே. பிரான்ஸில் நம்மவர் கல்லறையில் யாரோ முன்பின் தெரியாதவன்தான் எண்பது வருஷமாகப் புல் வெட்டுகிறானாம்.