ரிச்சர்ட் காப்பாற்றிய ஈக்கள்

பாட்டிலுக்குள் இன்னொரு பழ ஈயும் மல்லாந்துவிட்டது. ரிச்சர்டுக்கு வியர்த்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவன் குவாலிட்டி செக்கர். தையல் ஒரு நூல் கோணினாலும் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் ஈக்கு வைத்தியம் தெரியாதே! ஆராய்ச்சி மாணவியான மனைவி எப்சி, காலேஜ் லேபில் வெள்ளையடிக்கிறார்கள் என்று பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு, காலையில்தான் பெங்களூர் மீட்டிங்குக்குக் கிளம்பியிருந்தாள். போகும்போது சொல்லியிருந்தாள்:

"உடம்புக்குள்ள கிருமி பூந்தா, ஒரு மூலக்கூறு போய் செல்லுங்களுக்குச் சேதி சொல்லும். உடனே கிருமியைக் கொல்ற மருந்து உடம்புலயே ஊறும். இந்த ஈங்களுக்கு அந்த மூலக்கூறே கெடையாது. பத்திரமா பாத்துக்குங்க. சாயங்காலம் ஃபீபி வந்து வாங்கிப்பா."

நாலு வருஷப் படிப்பு இந்தப் பாட்டிலில்தான் இருந்தது.

ரிச்சர்ட் தன் இருமலுக்கு டாக்டர் தந்த ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்து, சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சடைப்பை நீக்கி ஊற்றினான். தண்ணீர் கொஞ்சம் ஜாஸ்தி. நோயில் தப்பியவற்றில் இரண்டைத் தவிர எல்லாம் அதில் மூழ்கின.

காயட்டும் என்று ஃபேனுக்கு அடியில் பாட்டிலைச் சாய்த்தான். அந்த இரண்டும் பறந்துபோயின.

செத்தவற்றை வாஷ்பேசினில் கொட்டி, பாட்டிலை அலசிக்கொண்டு பழக்கடை இஷ்தியாக் அகமதுவிடம் ஓடினான்.

"பாய், அழுகின வாழப்பழம் இருக்கா?"

"நம்ம கடையில அழுகலா? சான்ஸே இல்ல சார்."

"பழம் இல்லாட்டி போவுது பாய். ஈ இருந்தா போதும்."

இஷ்தியாக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், வூட்ல அம்மா ஊருக்குப் போய்ட்டாங்களா?"

கடைக்குப் பின்னால் குப்பைக்கூடையில் பழமும் கிடைத்தது, ஈயும் கிடைத்தது. பழத்தைப் பாட்டிலுக்குள் போட்டுக் காத்திருந்தான். கும்பலாக உள்ளே போனதும் பஞ்சை அடைத்தான்.

சாயங்காலம் எப்சியின் லேப் தோழி ஃபீபி வந்தாள். ரிச்சர்ட் பாட்டிலைப் பெருமையாக நீட்டினான்.

"பாரும்மா, ஒண்ணுக்குக்கூட தலைவலி கெடையாது!"

ஃபீபி பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈக்கள் உள்ளே கல்யாண வீடுபோல் கும்மாளமிட்டன. அவள் முகம்தான் வெளுத்தது.

"அண்ணா, நேத்து அக்கா எல்லாத்துக்கும் கிருமி ஊசி குத்துனாங்களே! இதுங்க செத்தாதான் அவங்களுக்கு டாக்டர் பட்டம். பொணத்தையெல்லாம் எங்கண்ணா வச்சீங்க?"